மலைநாட்டார் காலணியும் வெள்ளிப் பக்கிளும்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ வேளையில் பள்ளிவாசலின் வாயிற்படியருகே சற்று நின்று நோக்குவோமாயின், வரிசையாகக் கிடக்கும் பாதணிகள் தத்தம் உடையவரைப் பற்றி நமக்கு எத்தனையோ செய்திகளைச் சொல்லும். தேய்ந்த குதியும், ஒட்டுப்போட்ட வாரும், நேற்று வாங்கிய பளபளப்பும் அங்கே அருகருகே கிடக்கின்றன. உள்ளே சென்றதும் அந்த வேற்றுமைகளெல்லாம் மறைந்து, வெறுங்கால்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. காலணி என்பது எளிய பொருள்தான். ஆயினும் மனிதன் தன் நிலத்தையும், தொழிலையும், பெருமையையும், சில வேளைகளில் தன் இழப்பையும் அதிலே எழுதி வைத்திருக்கிறான்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்துக்கொள்வார்கள் என்றும், அணியும்போது வலக்காலையும் கழற்றும்போது இடக்காலையும் முற்படுத்துமாறு கற்பித்தார்கள் என்றும் நாம் சிறு வயது முதலே கேட்டு வளர்ந்திருக்கிறோம். காலில் கிடக்கும் பொருளுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்பது நமக்குப் புதிய பாடமன்று. ஆகவே, தொலைவிலுள்ள ஒரு நாட்டு மக்களின் காலணிக் கதையை இங்கே எடுத்துக் கூறுவது வாசகர்களுக்கு அயலானதாக இராது என்று நம்புகிறோம்.

ஸ்காட்லாந்தின் வடமேற்கே மலைகளும் ஏரிகளும் நிறைந்த பகுதிக்கு ஹைலாண்ட் என்று பெயர். அம்மக்களின் விழா உடையை நம்மில் பலர் படங்களில் கண்டிருப்போம். கட்டமிட்ட டார்டன் கம்பளித் துணியில் மடிப்பு மடிப்பாகத் தைத்த கில்ட், முன்புறம் தொங்கும் தோல் பை, முழங்காலுக்குக் கீழ் வரை ஏறிய கனத்த கம்பளிக் காலுறை ஆகியவை அதன் உறுப்புகள். அவற்றோடு, மாலை விருந்துகளிலும் திருமணங்களிலும் கறுப்புத் தோலில் துளை வேலைப்பாடு செய்து, வெள்ளி நிறப் பக்கிள் பதித்த ஒரு காலணியையும் அணிவர். அதற்குப் 'பக்கிள் புரோக்' என்று பெயர். இந்தத் துளைக்கும் இந்தப் பக்கிளுக்கும் உள்ள வரலாறு வெவ்வேறானது. அவை இரண்டும் ஒரே காலில் வந்து சேர்ந்த கதையோ ஒரு மக்களினத்தின் கதை.

நீர் வெளியேறும் துளை

'புரோக்' என்னும் சொல், கேலிக் மொழியில் காலணியைக் குறிக்கும் 'ப்ரோக்' என்பதிலிருந்து வந்தது. ஆதியில் அது பதனிடாத தோலால் ஆனது. 1543ஆம் ஆண்டில் ஜான் எல்டர் என்ற மலைநாட்டுப் பாதிரியார் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றிக்கு எழுதிய கடிதத்தில் அதன் செய்முறையை விளக்கியிருக்கிறார். வேட்டையில் வீழ்ந்த செம்மானின் தோலை உரித்து, அதன்மேல் வெறுங்காலை வைத்து அளவெடுத்து, உரோமம் வெளிப்புறமாக இருக்கும்படி மடித்துக் கட்டுவார்களாம். உள்ளே புகுந்த நீர் வெளியேறுவதற்காக மேற்புறத்தில் துளைகள் இடுவார்களாம்.

நம் வயல் வரப்பில் நடந்தவர்களுக்கு இதன் நியாயம் உடனே விளங்கும். ஓடையும் சதுப்பும் மாறி மாறி வருகின்ற நிலத்திலே, நீர் புகாத காலணி செய்வது அந்நாளில் இயலாத காரியம். புகுந்த நீரை வெளியேற்றுவதே அறிவுடைமை. ஒருமுறை ஓடையைக் கடந்து பத்தடி நடந்தால் கால் தானே வடிந்துவிடும். 1720களிலும் 30களிலும் இன்வர்னஸ் பகுதியில் அரசுப் பணியிலிருந்த எட்மண்ட் பர்ட் என்ற ஆங்கிலேயரும் இதையே கண்டு எழுதினார். அவருடைய கடிதங்கள் 1754இல் இலண்டனில் நூலாக வெளிவந்தன. நகரத்து நாகரிகம் கண்டு பழகிய அவருடைய கண்ணுக்கு அக்காலணி அருவருப்பான பொருளாகவே பட்டது. ஆனால் அந்தத் துளை வறுமையின் அடையாளமன்று. நிலத்தை அறிந்தவனின் விடை.

நகரிலிருந்து வந்த பக்கிள்

பக்கிளோ மலையிலே பிறந்ததன்று. இலண்டன் மாநகரில் பின்னாளில் கடற்படை அலுவலராக விளங்கிய சாமுவேல் பீப்ஸ், தாம் அன்றுதான் காலணியில் பக்கிள் அணியத் தொடங்கியதாக 1660 சனவரி 22ஆம் நாள் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். குறித்து வைக்கத் தக்க புதுமையாக அது அவருக்குத் தோன்றியிருக்கிறது. அடுத்த நூறு ஆண்டுகளில் பக்கிள் ஐரோப்பா எங்கும் பரவிற்று. செல்வர் வெள்ளியிலும் ஒளிக்கல்லிலும், எளியோர் பித்தளையிலும் இரும்பிலும் அதை அணிந்தனர். காலணி தேய்ந்தாலும் பக்கிளைக் கழற்றி அடுத்த சோடியில் மாட்டிக்கொள்ளலாமாதலால், அது வீட்டு நகைகளில் ஒன்றாகவே மதிக்கப்பட்டது. பர்மிங்காம் நகரத்துப் பட்டறைகள் பல இத்தொழிலால் வாழ்ந்தன.

ஆனால் நாகரிகம் நன்றியறியாதது. 1780களின் இறுதியில் காலணிக்கு நாடாவும் கயிறும் வழக்கத்துக்கு வந்தன. பக்கிள் தொழிலாளர்கள் வேலையிழந்து, 1791இல் இளவரசரிடம் முறையிட்டார்கள். இளவரசரும் தம் அரண்மனையார் பக்கிளே அணிய வேண்டுமென்று பணித்துப் பார்த்தார். பயனில்லை. உலகெங்கும் நாள்தோறும் புழங்கிய ஒரு பொருள், சில பத்தாண்டுகளுக்குள் அரசவை உடையிலும் விழா உடையிலும் மட்டுமே எஞ்சி நின்றது. மலைநாட்டு விழா உடை அவ்வாறு அதைக் காத்துவைத்த இடங்களுள் ஒன்று.

மலைநாட்டானின் காலில் பக்கிள் ஏறுவதற்குப் பெரிதும் வழிசெய்தது பட்டாளம். 18ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் அரசு திரட்டிய மலைநாட்டுப் படைப்பிரிவுகளின் வீரர்கள், மற்றப் படைவீரர்களைப் போன்றே பக்கிள் வைத்த தாழ்ந்த காலணியை அணிந்தனர். மேலே மலைநாட்டுக் கில்ட், கீழே அரசாங்கக் காலணி! அந்தக் கோலத்தினுள் அடங்கிய துயரத்தை அறிய வேண்டுமாயின், 1746ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

உடைக்கு வந்த தடை

அவ்வாண்டு ஏப்ரல் 16ஆம் நாள் கல்லோடன் என்ற வெளியில் நடந்த போரில், பழைய ஸ்டூவர்ட் அரச மரபை மீண்டும் அரியணை ஏற்ற எழுந்த மலைநாட்டார் படை ஒரு மணி நேரத்திற்குள் முறியடிக்கப்பட்டது. வென்றவர்கள் ஆயுதங்களைப் பறித்ததோடு அமையவில்லை, உடையையும் பறித்தார்கள். ஸ்காட்லாந்தில் ஆண்களும் சிறுவர்களும் கில்ட், பெரிய கம்பளிப் போர்வை, டார்டன் காற்சட்டை, தோள்வார் முதலியவற்றை அணியலாகாது என்று அவ்வாண்டே சட்டம் இயற்றப்பட்டு, 1747 ஆகஸ்டு முதல் நடைமுறைக்கு வந்தது. முதன்முறை மீறினால் ஆறு மாதச் சிறை. மறுமுறை மீறினால் கடல் கடந்த குடியேற்றங்களுக்கு ஏழாண்டு நாடுகடத்தல்.

அந்தப் பட்டியலில் காலணி பெயர் சுட்டிக் கூறப்படவில்லை. ஆயினும் மலைநாட்டு உடைக்கே உரிய எந்தப் பகுதியும் ஆகாது என்று ஒரு பொதுவாசகம் அதிலே இருந்தது. தன் தாய் நெய்த துணியை உடுத்தியதற்காக ஒருவன் சிறை செல்ல வேண்டியிருந்த காலம் அது.

இச்சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. மன்னரின் படையில் சேர்ந்த மலைநாட்டானுக்கு மட்டும் அவ்வுடை அனுமதிக்கப்பட்டது. அதாவது, தந்தையின் உடையை உடுத்த விரும்பும் மகன், தந்தையை வென்ற அரசுக்காகத் துப்பாக்கி ஏந்த வேண்டும்! ஆட்சியாளரின் சூழ்ச்சிகளுள் இதைவிட நுட்பமானதைக் காண்பது அரிது.

பொள்ளிலூர்க் களத்தில்

இந்தக் கதை நம் மண்ணையும் தொட்டுச் செல்கிறது. குரோமார்ட்டிப் பிரபுவின் மூத்த மகன் மக்லியோட் பிரபு. 1745ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் தந்தையும் மகனும் சேர்ந்தே போரிட்டுச் சிறைப்பட்டார்கள். குடும்பத்தின் நிலங்கள் பறிபோயின. இளமை கருதி மன்னிக்கப்பட்ட மகன், அயல்நாடாகிய சுவீடனின் படையில் பல்லாண்டு பணிபுரிந்து திரும்பினார். 1777இல், எந்த அரசு தம் குடும்பத்தைத் தண்டித்ததோ அந்த அரசுக்கே ஒரு மலைநாட்டுப் படைப்பிரிவைத் திரட்டித் தர முன்வந்தார். அதுவே 73ஆம் மலைநாட்டுப் படைப்பிரிவு. 1780இன் தொடக்கத்தில் அது சென்னையில் வந்து இறங்கிற்று. எதிரி யார்? மைசூரை ஆண்ட ஹைதர் அலி!

அவ்வாண்டு செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில், கர்னல் பெய்லியின் தலைமையிலிருந்த ஆங்கிலப் படையை ஹைதரும் திப்பு சுல்தானும் சூழ்ந்து அழித்தார்கள். அந்தப் படையோடு 73ஆம் பிரிவின் சில கம்பெனிகளும் இருந்தன. காயமுற்றுச் சிறைப்பட்டவர்களுள் ஒருவர் காப்டன் டேவிட் பெயர்ட். ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் கிடந்து, 1784ஆம் ஆண்டு மங்களூர் உடன்படிக்கைக்குப் பின் விடுதலையான அவரே, 1799 மே 4ஆம் நாள் அதே கோட்டையைத் தாக்கிய படைக்குத் தலைமை தாங்கினார். அன்றுதான் திப்பு சுல்தான் ஷஹீதானார்.

பொள்ளிலூரில் மாண்ட மலைநாட்டு வீரர்களை எண்ணிப் பார்க்கிறோம். அவர்கள் உயிர்நீத்த 1780ஆம் ஆண்டில் அவர்தம் ஊரில் அந்த உடைத்தடை நீங்கவில்லை. அது நீங்கியது 1782 சூலை முதல் நாளில்தான். தன் நாட்டை இழந்தவன், மற்றொருவன் தன் நாட்டைக் காத்து நின்ற களத்திற்கு எதிரியாக அனுப்பப்பட்டான். மக்லியோட் பிரபுவுக்கு 1784இல் குடும்ப நிலங்கள் மீண்டும் கிடைத்தன. பொள்ளிலூர் மண்ணில் கிடந்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

அரசர் அணிந்த கில்ட்

தடை நீங்கி நாற்பதாண்டு கழிந்தபின், 1822 ஆகஸ்டில் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தார். நாவலாசிரியர் சர் வால்டர் ஸ்காட் விழா ஏற்பாடுகளை முன்னின்று நடத்தினார். மன்னரே டார்டன் அணிந்து அவையில் தோன்றினார். கில்ட்டின் கீழே கால் தெரியாதிருக்கத் தோல் நிறத்தில் இறுக்கமான காற்சட்டையும் அணிந்திருந்தார். அவ்வுடைக்கும் அணிகளுக்கும் ஆன செலவு 1,354 பவுன். தண்டனைக்குரிய உடை, அரசவையின் அலங்கார உடையாயிற்று. பிற்காலத்தில் விக்டோரியா அரசியார் பால்மோரல் மாளிகையைத் தமதாக்கிக் கொண்டபின் அந்த மோகம் மேலும் வளர்ந்தது. பள்ளத்தாக்கில் வேட்டைத் துணைவன் அணிந்த துளைக் காலணியும் விருந்து மண்டபத்துப் பக்கிளும் ஒன்று சேர்ந்த வடிவம் இந்த விழா உடை மரபைச் சார்ந்ததே.

ஆனால் அதே ஆண்டுகளில் மலைநாட்டில் நிகழ்ந்தது என்ன? ஆட்டுப் பண்ணைகளுக்கு இடம் வேண்டி, நிலப்பிரபுக்கள் தம் குடிகளை ஊர் ஊராக வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். 1814இல் சதர்லாந்துப் பகுதியின் ஸ்திரத்நேவர் பள்ளத்தாக்கில் குடிசைகள் எரிக்கப்பட்டன. அதற்காக 1816இல் வழக்கை எதிர்கொண்ட பண்ணை மேலாளர் பாட்ரிக் செல்லர் விடுதலையானார். வீடிழந்தோர் பலர் கப்பலேறிக் கனடாவுக்குச் சென்றனர். உடைக்கு மாலையிட்டவர்கள், அதை உடுத்திய மக்களை நிலத்திலிருந்து அகற்றினார்கள்.

1983இல் வெளியான ஒரு கட்டுரைத் தொகுப்பில் ஆங்கில வரலாற்றாசிரியர் ஹ்யூ டிரெவர்ரோப்பர், இன்று காணும் மலைநாட்டு உடை மரபின் பெரும்பகுதி பிற்காலப் புனைவு என்று வாதிட்டார். மறுத்தோரும் உளர். நாம் அந்த வழக்கில் தீர்ப்புக் கூற முற்படவில்லை. ஒன்றை மட்டும் நினைவூட்டுவோம். நம் பாட்டன்மார் பெருமையோடு அணிந்த துருக்கித் தொப்பியும் இத்தகைய வரலாறு உடையதே. 1829இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூதின் ஆணையால் தலைப்பாகைக்கு மாற்றாகத் துருக்கியின் அலுவலர் தலையில் ஏற்றப்பட்டது அது. நூறாண்டு நிறையுமுன் அது மரபின் சின்னமாகவே மாறிவிட்டது. 1925 நவம்பரில் துருக்கிக் குடியரசு அதைச் சட்டத்தால் தடைசெய்தபோது, எதிர்த்தவர்களுட் சிலர் தூக்குமேடை ஏறினார்கள். ஆணையால் வந்ததாயினும், மனிதன் அன்புடன் அணிந்தபின் அது அவனுடையதாகிவிடுகிறது. அதை அணிவிப்பதும் அகற்றுவதும் அரசின் வேலையன்று.

நல்லதைத் தேர்வது எங்ஙனம்?

படிப்பையும் பணியையும் முன்னிட்டு ஸ்காட்லாந்து சென்றுள்ள நம் பிள்ளைகள் நண்பர்களின் திருமணத்திற்கு அழைக்கப்பட்டு, இவ்வுடையை அணியும் வாய்ப்பைப் பெறலாம். கில்ட் முழங்காலின் நடுவரை நிற்பது, அமரும்போது மேலேறும். தொப்புள் முதல் முழங்கால் வரை மறைக்க வேண்டிய நம்மவர்க்கு, மலைநாட்டு மரபிலேயே உள்ள டார்டன் காற்சட்டை பொருந்தும். பக்கிள் புரோக் அதனோடும் அணியத் தக்கதே.

அக்காலணியில் ஒரு பக்கிள் புறங்காலின் குறுக்கே ஓடும் வாரிலும், மற்றொரு சிறிய பக்கிள் விரல்முனையருகிலும் இருக்கும். பின்னது வெறும் அணி. முன்னதும் இன்றைய மலிவான சோடிகளில் அணியாகவே நிற்கிறது. வாருக்கடியில் மறைந்திருக்கும் எலாஸ்டிக்கே காலைப் பிடித்துக்கொள்ளும். வாங்குமுன் வாரை இழுத்துப் பார்க்க வேண்டும். பக்கிள் கனத்த உலோகமாக இருந்து, வாரிலே கோத்துத் தைக்கப்பட்டிருந்தால் நன்று. பசையால் ஒட்டப்பட்டதாயின் ஒரு விருந்துக்குமேல் தாங்காது. பக்கிளின் விளிம்பு தோலை உராய்கிறதா என்பதையும் விரலால் தடவி அறியலாம்.

அடுத்து மேல்தோல். முழுத் தோலாயின் மடிக்கும்போது நுண்ணிய சுருக்கம் விழுந்து மீளும். மேலே பூச்சுப் பூசிய மட்டமான தோல் சில மாதங்களில் வெடித்துப் பொருக்காகும். துளைகள் உண்மையில் குத்தப்பட்டனவா, அச்சால் அழுத்தப்பட்டனவா என்று நோக்குக. அழுத்திய துளையின் ஓரம் மழுங்கியிருக்கும். இன்றைய நல்ல காலணியிலும் துளைக்கு அடியில் வேறொரு தோல் இருப்பதால் நீர் எதுவும் வெளியேறப் போவதில்லை. ஆயினும் குத்திய துளை கைவினைஞனின் நேர்மைக்குச் சான்று.

மூன்றாவது, அடித்தோல். மேல்தோலைச் சுற்றி ஒரு தோல்வாரைத் தைத்து, அந்த வாரோடு அடித்தோலைத் தைப்பது பழைய முறை. அவ்வாறு தைத்தது தேய்ந்தால், மேற்பகுதி கெடாமல் அடித்தோலை மட்டும் மாற்றலாம். பசையால் ஒட்டியதில் அதற்கு எளிதில் வழியில்லை. விலை இருமடங்காயினும், மூன்றுமுறை அடித்தோல் மாற்றக்கூடிய சோடி முடிவில் சிக்கனமே. வீண்விரயம் என்பது விலையில் மட்டும் இல்லை. விரைவில் எறியப்படுவதிலும் இருக்கிறது.

நான்காவது, அளவு. கனத்த கம்பளிக் காலுறையை அணிந்துகொண்டே போட்டுப் பார்க்க வேண்டும். நாள் முழுதும் நடந்த கால் சற்றே பருத்திருக்குமாதலால் பிற்பகலே ஏற்ற வேளை.

ஐந்தாவது, நமக்கே உரிய எச்சரிக்கை. காலணிகளின் உள்ளுறைக்குப் பன்றித் தோலைப் பயன்படுத்துவது மேனாட்டில் சாதாரணம். மயிர்க்கண்கள் மும்மூன்றாகக் கூடிய புள்ளிகள் தென்பட்டால் அது பன்றித் தோல் என்று அறியலாம். ஐயமிருந்தால் கடைக்காரரிடம் கேட்பதில் வெட்கமில்லை. ஆண்களுக்குப் பொன் விலக்கப்பட்டிருப்பதால் பொன் பக்கிள் நமக்கு ஆகாது. மரபான பக்கிள் வெள்ளி நிறமுடைய எளிய உலோகத்தில் ஆனதாகலின் இதில் இடர்ப்பாடு குறைவு.

நம் ஊர்த் தோல்

இறுதியாக ஒரு செய்தி. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஊர்களில் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோல், சென்னைப் பெரியமேட்டு மண்டிகளைக் கடந்து 19ஆம் நூற்றாண்டு முதலே இலண்டன் சந்தைக்குச் சென்றது. அத்தொழிலில் பெரும்பங்கு நம் சமுதாயத்தாருடையது. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் படைவீரர்களின் பூட்சுகளுக்கு மேல்தோலானதும் இந்தத் தோலே. ஸ்காட்லாந்தின் சேற்றிலும் பிரான்சின் பதுங்குகுழியிலும் நடந்த கால்களில் நம் ஊர்த் தொழிலாளியின் வியர்வையும் இருந்திருக்கக் கூடும். பாலாற்றின் நீரும் மண்ணும் அதற்குக் கொடுத்த விலையை நாம் மறப்பதற்கில்லை.

நீரை வெளியேற்றப் பிறந்த துளை இன்று அழகுக்காக நிற்கிறது. காலைப் பிணிக்கப் பிறந்த பக்கிளும் அழகுக்காகவே நிற்கிறது. பயன் நீங்கியபின்னும் வடிவத்தை மக்கள் காத்து வைத்திருப்பது, அதனுள்ளே ஒரு நினைவு இருப்பதால்தான். நினைவையும் இழந்துவிட்டால் எஞ்சுவது வெறும் பளபளப்பு. நம் தொப்பியையும், கைலியையும், துப்பட்டியையும் நம் பிள்ளைகள் அணியும்போது, அவை வந்த வழியையும் நாம் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோமா? பள்ளிவாசலின் படியில் காலணியைக் கழற்றி வைக்கும் அந்த ஒரு கணத்திலேனும் இக்கேள்வியை நம் நெஞ்சிடம் கேட்டுக்கொள்வோமாக.